தலைமாட்டில் மூன்று மருந்துகள்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈசூனில் உங்களோடு வசிக்கும் அம்மாவுக்கு வயது 66. இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக, வாரத்தில் நான்கைந்து இரவுகள் அவருக்குச் சரியான தூக்கமில்லை. ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறார், பன்னிரண்டுக்கு மேல்தான் கண் அயர்கிறது, இரண்டரைக்கு விழிப்பு வந்துவிட்டால் மறுபடி தூங்க வெகுநேரம் பிடிக்கிறது. அவருடைய தலைமாட்டில் தேக்காவில் வாங்கிய அமுக்கரா சூரணம், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய இரவு மாத்திரை, புளோக்குக்குக் கீழே உள்ள கிளினிக்கில் கொடுத்த ஸோபிக்லோன் என்ற தூக்க மாத்திரைகள் பத்து என மூன்றும் இருக்கின்றன. இவற்றில் எது நல்லது, எதைத் தொடரலாம், எதை விடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் சிங்கப்பூரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மருந்தாளராக வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வி என் முன்னால் வாரத்துக்கு ஒரு முறையாவது வரும். பெரும்பாலோர் இம்மூன்றையும் வீரியத்தை வைத்து ஒப்பிடுகிறார்கள்: மூலிகை மென்மையானது, கடை மாத்திரை நடுத்தரம், மருத்துவர் தருவது கடுமையானது என்று ஒரு படிக்கட்டு மனத்தில் இருக்கிறது. அந்தப் படிக்கட்டு தவறானது. உங்கள் அம்மாவின் வயதில் இம்மூன்றிலும் நான் முதலில் நிறுத்தச் சொல்வது நடுவில் இருக்கும் அந்தக் கடை மாத்திரையைத்தான். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

வாரத்துக்கு மூன்று இரவுகளுக்குக் குறையாமல், மூன்று மாதங்களோ அதற்கு மேலோ, தூங்குவதற்கு நேரமும் இடமும் இருந்தும் தூக்கம் வராமல், அதனால் பகல் பொழுதும் கெடுமானால், அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறோம். அம்மா அந்த எல்லையைத் தாண்டி வெகு நாளாகிறது. இதைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம், தலைமாட்டில் இருக்கும் மூன்றுமே பெரும்பாலும் சில வாரங்களுக்கு மட்டுமே சோதித்துப் பார்க்கப்பட்டவை. இரண்டாண்டுத் தூக்கமின்மைக்கு அவற்றில் எதுவும் உருவாக்கப்படவில்லை.

அமுக்கராவிலிருந்து தொடங்குகிறேன். அசுவகந்தா என்ற பெயரில் இன்று உலகமெங்கும் விற்கப்படுவது நம் அமுக்கராதான். அதை வெறும் நம்பிக்கை என்று நான் ஒதுக்கமாட்டேன். 2021-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு ஐந்து ஆய்வுகளில் பங்கேற்ற 400 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து, தூக்கத்தில் சிறிய அளவில் முன்னேற்றம் இருந்ததாகக் கண்டது. ஆனால் அவர்கள் சாப்பிட்டது அளவு நிர்ணயிக்கப்பட்ட வேர்ச்சாற்றுக் குளிகை. உங்கள் அம்மா பாலில் கலக்குவது ஒரு தேக்கரண்டிப் பொடி. அந்தத் தேக்கரண்டியில் மருந்துச் சத்து எவ்வளவு இருக்கிறது என்பதை டப்பாவின் மேல் எழுதியிருக்கமாட்டார்கள். மேலும் அமுக்கரா இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்கக்கூடியது. அம்மா அந்த இரண்டுக்கும் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறார். தைராய்டு சுரப்பை அது கூட்டக்கூடும். அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. டென்மார்க் 2023-இல் அதைத் தடை செய்தது. தூக்க மாத்திரையோடு சேர்த்தால் மயக்கம் கூடும் என்பதும் உண்டு. கண்ணும் தோலும் மஞ்சளாவது, சிறுநீர் கருத்துப்போவது, காரணமில்லாமல் பசி அற்றுப்போவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

மூலிகையில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது மூலிகை அன்று. பொட்டலத்துக்குள் வேறு என்ன இருக்கிறது என்பதுதான். 2004-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்தபோது 14-இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. இங்கே சுகாதார அறிவியல் ஆணையம் கன உலோகங்களுக்கு வரம்பு வைத்திருக்கிறது. சொல்லாமல் ஆங்கில மருந்தைக் கலந்து விற்கும் பொருள்களைப் பிடித்து அவ்வப்போது எச்சரிக்கையும் வெளியிடுகிறது. எனினும், மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளைப் போல நாட்டு மருந்துகளும் ஊட்டச்சத்து மாத்திரைகளும் விற்பனைக்கு வருமுன் ஒவ்வொன்றாக மதிப்பிடப்படுவதில்லை; பாதுகாப்புக்கு முதற்பொறுப்பு விற்பவருடையது. ஆகவே ஊரிலிருந்து யாரோ பெட்டியில் கொண்டு வந்த, சீட்டில்லாத பொட்டலம் எதையும் அம்மாவுக்குக் கொடுக்காதீர்கள். எந்த மூலிகையானாலும், முதல் இரவே மரக்கட்டை போலத் தூங்கிவிட்டார் என்றால் மகிழ வேண்டாம்; சந்தேகப்படுங்கள். மூலிகை அப்படி வேலை செய்வதில்லை.

பாட்டி வைத்தியத்தில் வேறு சிலவற்றையும் சொல்ல வேண்டும். சாதிக்காயைப் பாலில் ஒரு சிட்டிகை உரைத்துக் குடிப்பதில் ஆபத்தில்லை. ‘ஒரு சிட்டிகைக்கு வராத தூக்கம் ஒரு காய்க்கு வரும்’ என்று நினைப்பது ஆபத்து. சில கிராம் போனாலே நெஞ்சு படபடப்பும், மனக்குழப்பமும், இல்லாத பொருள் கண்ணுக்குத் தெரிவதும் வரும். கசகசா விஷயம் வேறு. அதில் மார்ஃபின் ஒட்டியிருக்க வாய்ப்புள்ளதால் சிங்கப்பூரில் அது போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. ஊரில் மளிகைக் கடையில் கிடைக்கிறதே என்று சென்னையிலிருந்து பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். தாய்லாந்தில் தூக்கத்துக்கென்று விற்கப்படும் கஞ்சா மிட்டாய்களுக்கும் இதைவிடக் கடுமையாக இது பொருந்தும்: குடிமகனோ நிரந்தரவாசியோ வெளிநாட்டில் அதை உட்கொண்டாலும் இங்கே குற்றமே. மருதாணிப் பூவைத் தலையணைக்கு அடியில் வைக்கும் வழக்கம் அம்மாவுக்கு இருந்தால் தாராளமாக வைக்கட்டும். அந்த மணம் அவருக்கு ஊரை நினைவூட்டும், கெடுதல் ஏதுமில்லை.

வேலேரியன், கெமோமில், மக்னீசியம் என்று ஊட்டச்சத்துக் கடைகளில் கிடைப்பவற்றைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. வேலேரியனைப் பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. 2017-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட வழிகாட்டி, நாள்பட்ட தூக்கமின்மைக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை.

இனி அந்தக் கடை மாத்திரை. பெட்டியைத் திருப்பி, உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். டைஃபென்ஹைட்ரமின் அல்லது டாக்ஸிலமின் என்று இருக்கும். இவை தூக்கத்துக்கென்று கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. தும்மலுக்கும் அரிப்புக்கும் வந்த பழைய ஒவ்வாமை மருந்துகள். அவற்றின் பக்கவிளைவான மயக்கத்தையே விளைவாக விற்கிறார்கள். சளிக்கு நாம் எல்லாரும் விழுங்கியிருக்கும் அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரை, குளோர்ஃபெனிரமின், இவற்றின் நெருங்கிய உறவு. தொடர்ந்து சாப்பிட்டால் மூன்று நான்கு நாள்களிலேயே உடல் பழகிவிடுகிறது. மயக்கம் குறைந்துவிடும், மற்ற விளைவுகள் குறையா. வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர் தடைபடுதல், சிலவகைக் கண் அழுத்த நோய் மோசமாதல், மறதி, குழப்பம் ஆகியவை முதியவர்களிடம் இளையோரைவிட அதிகம். முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளுக்காக அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பியர்ஸ் பட்டியலில் இந்த மருந்துகள் நெடுங்காலமாக இடம்பெறுகின்றன. நான் முன்பு சொன்ன, 2017-ஆம் ஆண்டு வழிகாட்டியும் டைஃபென்ஹைட்ரமினைப் பரிந்துரைக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி தன் நெகிழிப்பையை என் மேசைமேல் கவிழ்த்தார். ஒரு சின்ன உறையில் அரிப்புக்கு மஞ்சள் மாத்திரை. இன்னொன்றில் மூக்கொழுகலுக்கு ஒன்று. கடையில் வாங்கிய இரவு மாத்திரை. அவற்றோடு மலச்சிக்கலுக்கு ஒரு மருந்து. மூன்று வெவ்வேறு இடங்களில், மூன்று வெவ்வேறு காரணங்களுக்காக, ஒரே குடும்பத்து மருந்தை அவர் வாங்கியிருந்தார். நான்காவதை, முதல் மூன்றும் உண்டாக்கிய தொல்லைக்காக வாங்கியிருந்தார். “மறதி கூடிப்போச்சு தம்பி, வயசாயிடுச்சுல்ல” என்றார். மருத்துவரிடம் பேசி முதல் மூன்றும் நிறுத்தப்பட்ட பிறகு, அடுத்த மாதம் வந்தபோது என் பெயரை நினைவு வைத்திருந்து அழைத்தார். எல்லார் மறதியும் இப்படித் தெளியும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பையைக் கவிழ்த்துப் பார்க்காமல் வயதின்மேல் பழி போடக்கூடாது.

மெலடோனினைப் பற்றியும் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன். அது இருட்டியதும் மூளை தானே சுரக்கும் ஒன்று. உடலின் கடிகாரத்துக்கு இரவாகிவிட்டது என்று அறிவிக்கும் செய்தியாள். அதனால் விமானப் பயணத்தால் நேரம் மாறியவர்களுக்கும், தூக்க நேரம் தள்ளிப்போய்விட்டவர்களுக்கும் அது ஓரளவு பொருந்துகிறது. பொதுவான தூக்கக் கோளாறுகளில் அதன் பலன் சிறியது: 2013-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்றின்படி தூக்கம் பிடிக்கும் நேரம் சராசரியாக 7 நிமிடமே குறைந்தது, மொத்தத் தூக்கம் 8 நிமிடம் கூடியது. 55 வயதைத் தாண்டியவர்களுக்கு, மெதுவாகக் கரையும் 2 மில்லிகிராம் மாத்திரையை ஐரோப்பா 2007-இல் குறுகிய கால மருந்தாக அங்கீகரித்தது. அம்மாவின் வயதுக்கு, மருத்துவர் சம்மதித்தால், முயன்று பார்க்கக்கூடியவற்றில் அதுவும் ஒன்று. இணையத்தில் வரவழைக்கும் மெலடோனின் மிட்டாய்களை மட்டும் நம்பாதீர்கள். 2023-இல் அமெரிக்காவில் 25 வகைகளைச் சோதித்தபோது 22-இல் சீட்டில் எழுதிய அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் மூன்றரை மடங்குக்கு அருகில் இருந்தது, இன்னொன்றில் மெலடோனினே இல்லை.

மருத்துவர் எழுதித் தருபவற்றில் டையஸெபாம், லோராஸெபாம், அல்ப்ரஸோலம் போன்ற பென்ஸோடையஸெபின்கள் ஒரு குடும்பம்; ஸோல்பிடெம், ஸோபிக்லோன் ஆகியவை அவற்றின் தம்பிகள் எனலாம். இவை வேலை செய்யும், அதில் ஐயமில்லை. எவ்வளவு என்பதுதான் கேள்வி. 60 வயதைத் தாண்டியவர்களைப் பற்றிய 24 ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான கட்டுரை, தூக்க மருந்துகளால் ஓர் இரவுக்குச் சராசரியாக 25 நிமிடத் தூக்கம் கூடுவதாகக் கணக்கிட்டது. 13 பேர் சாப்பிட்டால் ஒருவருக்கு நல்ல பலன். 6 பேர் சாப்பிட்டால் ஒருவருக்குத் தீங்கு. இந்த இரண்டு எண்களையும் உங்கள் அம்மாவுக்குச் சொல்லுங்கள். அவர் எதிர்பார்ப்பது எட்டு மணி நேரம். மாத்திரை தரக்கூடியது அரை மணிக்கும் குறைவு.

ஸோபிக்லோன் சாப்பிட்ட மறுநாள் வாயில் உலோகம் போன்ற ஒரு கசப்பு தங்கும். என் அத்தை தோ பாயோவில் ஒரு பழைய வீட்டில் இருந்தார். காலைக் கோப்பி கசக்கிறது என்று அவர் சொன்னபோது, மருந்தாளராக இருந்தும் நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது: பதினொரு மணிக்குப் பாதி மாத்திரை, விழித்துக்கொண்டால் இரண்டு மணிக்கு மீதிப் பாதி என்று அவரே ஒரு கணக்கு வைத்திருந்தார். அந்த மருந்து இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடிக்கும். முதியோருக்கு இன்னும் கூடும். ஒரு நாள் நான்கு மணிக்குக் கழிவறைக்குப் போனவர், அதன் வாசலில் இருக்கும் அந்த நான்கு அங்குலத் தடுப்பில் கால் இடறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அன்று நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி இன்றும் எனக்குள் உறுத்துகிறது; அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்: அம்மா அந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுகிறார், நடு இரவில் இன்னொன்று போடுகிறாரா? பதில் தெரியாவிட்டால் இன்றிரவே தெரிந்துகொள்ளுங்கள். கழிவறை வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும்.

கிளினிக்கில் பத்து மாத்திரைக்கு மேல் தரவில்லை, அடுத்த முறை போனால் ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அந்த மருத்துவர் சரியாகவே நடந்துகொள்கிறார். இத்தகைய மருந்துகளுக்காகச் சுகாதார அமைச்சு 2008-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, அவற்றை எழுதித் தரும் மருத்துவர் ஒவ்வொரு முறையும் காரணத்தைப் பதிந்து வைக்க வேண்டும். மொத்தத்தில் எட்டு வாரங்களுக்கு மேல் தேவைப்பட்டால் தொடர்ந்து கொடுக்காமல் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். மீறிய மருத்துவர்கள் மருத்துவ மன்றத்தால் தண்டிக்கப்பட்டிருக்கிறார்கள். இந்தக் கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்றால், தூக்க மாத்திரைக்கு அடிமையாவது இங்கே கண்ணால் கண்ட துயரம். எரிமின் என்ற பெயரில் புழங்கிய நிமெட்டஸெபாம் ஒரு காலத்தில் தூக்க மருந்துதான். இன்று அது போதைப்பொருள் சட்டத்தின் மூன்றாம் வகுப்பில் இருக்கிறது. அதனால் ஒரு கிளினிக்கில் கொடுக்காவிட்டால் இன்னொன்றில் வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள்.

அதே சமயம், இவற்றைப் பல வாரங்களாகத் தினமும் சாப்பிட்டு வந்தவர் திடீரென்று நிறுத்தக்கூடாது. நிறுத்திய இரவுகளில் தூக்கம் முன்னைவிட மோசமாகும். பென்ஸோடையஸெபின் என்றால் வலிப்புகூட வரலாம். மருத்துவரின் துணையோடு, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். அம்மா இதுவரை வாரத்துக்கு இரண்டு என்ற கணக்கில்தான் போட்டிருக்கிறார் என்றால் விடுவது கடினமாயிராது. மதுவோடும், வலுவான வலி நிவாரணிகளோடும் இவை ஒருபோதும் சேரக்கூடாது. தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, சமைப்பது, வண்டி ஓட்டுவது போன்ற செயல்கள் ஸோல்பிடெம் வகை மருந்துகளால் நேர்ந்ததையொட்டி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-இல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை அவற்றின்மேல் பொறித்தது.

புதிதாக வந்திருப்பவை விழிப்பைத் தூண்டும் ஓரெக்சின் என்ற மூளைச் சமிக்ஞையைத் தடுக்கும் மருந்துகள். சுவோரெக்ஸன்ட் 2014-இலும் லெம்போரெக்ஸன்ட் 2019-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அடிமைப்படுத்தும் தன்மை பழையவற்றைவிடக் குறைவாகத் தெரிகிறது, விலை கூடுதல். மனச்சோர்வும் கூட இருந்தால் மருத்துவர் மிர்ட்டஸபின் போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். இதெல்லாம் நோயாளியை உட்காரவைத்துப் பேசி எடுக்க வேண்டிய முடிவுகள்.

மருந்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் கேட்க வேண்டியது, இரண்டரை மணிக்கு அம்மாவை எழுப்புவது எது என்பது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் சிறுநீர் கழிக்க எழுகிறாரா? பலமாகக் குறட்டைவிட்டு இடையில் மூச்சு நின்று திணறுகிறாரா? அப்படியானால் அது தூக்கத்தில் மூச்சுத்திணறும் நோய். அதில் ஸோபிக்லோன் கொடுப்பது ஆபத்து. படுத்தவுடன் கால்களை அசைக்காமல் இருக்க முடியவில்லை என்கிறாரா? இரும்புச் சத்துக் குறைவால் அது வரலாம். நான் மேலே சொன்ன ஒவ்வாமை மாத்திரை அதை இன்னும் கிளப்பிவிடும். மாலை ஐந்து மணிக்குத் தே தாரிக் குடிக்கிறாரா? அப்பா காலமான பிறகுதான் இது தொடங்கியது என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள்; என்னைக் கேட்டால் அதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். அந்தத் துயரத்துக்கு அவர் இதுவரை யாரிடமாவது பேசியிருக்கிறாரா?

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-இலும், ஐரோப்பிய வழிகாட்டி 2017-இலும் பரிந்துரைத்தது இம்மூன்று வகையிலும் சேராத ஒன்றை: தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. மாத்திரையே இல்லாத சிகிச்சை என்றதும் அறிவுரை என்று நினைத்துவிடுகிறார்கள். 1999-இல் வெளியான ஓர் ஆய்வில் தூக்கமின்மையால் அவதிப்பட்ட 78 முதியவர்களில் சிலருக்கு மாத்திரை, சிலருக்கு இந்தச் சிகிச்சை, சிலருக்கு இரண்டும் கொடுத்தார்கள். தொடக்கத்தில் எல்லாமே பலன் தந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பலனை நன்றாகத் தக்கவைத்துக்கொண்டவர்கள் இந்தச் சிகிச்சையை மட்டும் பெற்றவர்கள்.

அது எப்படி நடக்கும் என்பதை உங்கள் அம்மாவை வைத்தே சொல்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு, படுத்த நேரம், கண் அயர்ந்த நேரம், விழித்த நேரங்கள், எழுந்த நேரம் ஆகியவற்றை இரண்டு வாரம் காலையில் எழுதட்டும். இரவில் கடிகாரத்தைப் பார்த்து எழுத வேண்டாம், உத்தேசம் போதும். ஒன்பது முதல் ஆறு வரை படுக்கையில் இருக்கிறார், தூங்குவது ஐந்தரை மணி நேரம் என்று தெரிகிறது என வைத்துக்கொள்வோம். மிச்சமான மூன்றரை மணி நேரத்தில் அவருடைய படுக்கை, விழித்துக் கிடந்து கவலைப்படும் இடமாக மாறிவிட்டது. சிகிச்சையாளர் அவரைப் பன்னிரண்டரைக்குத்தான் படுக்கச் சொல்வார், ஆறு மணிக்கு எழச் சொல்வார், பகலில் படுக்கக்கூடாது என்பார். நடுவில் விழித்து இருபது நிமிடம் போல ஆகிவிட்டால் எழுந்து வேறு அறையில் மங்கிய ஒளியில் உட்கார்ந்திருந்து, கண் சொக்கும்போதுதான் திரும்ப வேண்டும். முதல் ஒன்றிரண்டு வாரங்கள் கடினமாகவே இருக்கும். பகலில் தள்ளாட்டம் தெரியும். படுக்கையில் கழியும் நேரத்தில் நூற்றுக்கு 85 பங்கு தூக்கமாக மாறியதும், பதினைந்து பதினைந்து நிமிடமாக நேரத்தைக் கூட்டுவார்கள். வலிப்பு நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர்கள் இதைத் தாமாகச் செய்யக்கூடாது. அம்மா வயதில் விழும் அபாயமும் இருப்பதால் அவரும் ஒருவரின் மேற்பார்வையில் செய்வதே நல்லது.

பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) முன்பதிவு செய்யுங்கள். அங்கிருந்து மருத்துவமனைத் தூக்கச் சிகிச்சைப் பிரிவுக்கோ உளவியலாளருக்கோ அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தமிழில் பேசினால்தான் அம்மாவுக்கு மனம் திறக்கும் என்றால் அதையும் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். அதுவரை கடையில் வாங்கிய இரவு மாத்திரையை நிறுத்திவிடலாம். அமுக்கராவையும் ஸோபிக்லோனையும் ஒரே இரவில் சேர்க்க வேண்டாம். போகும்போது சூரண டப்பா, இரவு மாத்திரைப் பெட்டி, மீதமுள்ள ஸோபிக்லோன், இரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை என எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவரின் மேசைமேல் அந்தப் பையை அம்மாவே கவிழ்க்கட்டும்.